பின்நவீனத்துவக் கதை பிடிபடாதபோது: அறிகுறி வழியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பின்நவீனத்துவப் புனைவு ஒன்றைக் கையில் எடுத்துப் பாதியில் திகைத்து நின்றுவிட்ட வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள கடற்கரை ஊர்களில், நூலகத் திண்ணையிலும் பள்ளி வகுப்பறையிலும் கூடி இத்தகைய கதைகளை வாசிக்கும்போது திரும்பத் திரும்ப எழும் சிக்கல்களை, அவை வாசகருக்கு எப்படித் தென்படுகின்றனவோ அந்த அறிகுறியை வைத்தே வகுத்திருக்கிறேன். உங்களுக்குரிய அறிகுறியைத் தேடி நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாச் சோதனைகளும் அதன்மேல்தான் நிற்கின்றன.

எல்லா அறிகுறிக்கும் முன்னால் கேட்க வேண்டியது

எந்தக் கதையும் வாய்விட்டுச் சொல்லாமலே வாசகருக்குச் சில வாக்குறுதிகளைத் தருகிறது. சொல்பவர் ஒருவர் இருப்பார், நடந்தது ஒரு வரிசையில் வரும், முதல் பக்கத்தில் மீனவராக இருந்தவர் காரணமில்லாமல் பத்தாம் பக்கத்தில் மன்னராகிவிட மாட்டார், எழுதியவர் கதைக்கு வெளியிலேயே நிற்பார், கடைசியில் ஒரு முடிவு இருக்கும். பின்நவீனத்துவ எழுத்து இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ வாசகர் கண்முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆகவே, "எனக்குப் புரியவில்லை" என்று தோன்றியவுடன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்த வாக்குறுதி திரும்ப எடுக்கப்பட்டது? அதற்கு ஈடாக எனக்கு என்ன தரப்பட்டது? ஈடாக ஏதோ தரப்பட்டிருந்தால், தடை நம் வாசிப்புப் பழக்கத்தில் இருக்கிறது, அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஒன்றுமே தரப்படவில்லை என்றால் குறை நூலினுடையது. இந்த இரண்டாவது வாய்ப்பை நம் வாசகர்கள் மறந்தே போகிறார்கள். கடினமான நூல் என்றாலே தங்களுக்கு அறிவு போதவில்லை என்று முடிவுகட்டிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

பிரையன் மெக்ஹேல் என்ற திறனாய்வாளர் 1987இல் வகுத்துத் தந்த வேறுபாடு இங்கே பெரிதும் உதவும். நவீனத்துவக் கதை, "இந்த உலகத்தைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறது. பின்நவீனத்துவக் கதையோ, "இது எந்த உலகம்?" என்றே கேட்கிறது. முதல் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு இரண்டாம் வகைக் கதைக்குள் போனால் வழி தெரியாது. துப்பறியும் கதையைப் போலத் தடயங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஏமாந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இப்படிக் கேள்வி மாறிப்போனவர்கள்.

அறிகுறி: அச்சுப் பிழையோ என்று சந்தேகம் வருகிறது

முதலில் உண்மையாகவே அச்சுப் பிழைதானா என்று பாருங்கள். ஒரு ஃபாரம், அதாவது சேர்ந்தே அச்சாகி மடித்துத் தைக்கப்படும் பக்கத் தொகுதி, இரண்டு முறை தைக்கப்பட்ட நூல்களும், ஒரு ஃபாரம் விடுபட்ட நூல்களும் கடைக்கு வருவதுண்டு. பக்க எண்களைப் புரட்டினாலே அது தெரிந்துவிடும். இதாலோ கால்வினோ 1979இல் வெளியிட்ட நாவலில், 32ஆம் பக்கத்துக்குப் பின் மறுபடியும் 17ஆம் பக்கம் வந்துவிட்டதாகக் கதைக்குள் இருக்கும் வாசகன் கண்டுபிடிக்கிறான். புத்தகத்தை மாற்றக் கடைக்குப் போவதிலிருந்துதான் கதையே கிளம்புகிறது. அந்த நாவலைப் படிக்கையில் நம் கையிலுள்ள பிரதி சரியாகவே இருக்கும். பக்க எண்ணைப் பார்த்த மறுகணமே இது உத்தி என்று விளங்கிவிடும்.

நிறுத்தற்குறி இல்லாமை, வழக்கமான சொல் ஒன்று காணாமற்போவது போன்றவற்றுக்குச் சோதனை வேறு. இரண்டு மூன்று அத்தியாயங்களைத் தாண்டியும் அதே ஒழுங்கு நீடிக்கிறதா என்று பாருங்கள். தவறுக்கு ஒழுங்கு இருக்காது. சாரு நிவேதிதா 1998இல் வெளியிட்ட ஸீரோ டிகிரி நாவலில், ஓரிரு இடங்கள் நீங்கலாக, வரும் எண்களெல்லாம் அவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதாகும்படி அமைந்திருக்கின்றன. அந்த விதிக்காகவே தமிழில் நாம் மூச்சுக்கு மூச்சு சொல்லும் "ஒரு" என்ற சொல்கூடத் தவிர்க்கப்பட்டிருக்கிறது. இதை அறியாமல் படிப்பவருக்கு நடை எங்கோ இடறுவதாகத் தோன்றும். அறிந்தபின் அந்த இடறலே நூலின் விதியாகத் தெரியும். அப்படித் தெரிவது பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அறிகுறி: பேசுவது யார் என்று தெரியவில்லை

இதைத் தீர்க்கத் தமிழ் வாசகரிடம் நல்ல கருவி ஒன்று இருக்கிறது. நம் வினைமுற்று இடம், பால், எண் மூன்றையும் தன் விகுதியிலேயே சொல்லிவிடுகிறது. குழப்பும் பக்கத்தை எடுத்து, பென்சிலால் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். "வந்தேன்" என்றிருந்தது எந்த வரியில் "வந்தாள்" என்று மாறுகிறதோ அங்கே குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பக்கம் முழுவதும் இப்படிச் செய்தபின், ஒரே பத்திக்குள் இருவர் பேசுகிறார்களா, ஒருத்தியே தன்னை வெளியிலிருந்து பார்த்துக்கொள்கிறாளா என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அதிலும் தெளியாவிட்டால் முறைச்சொற்களைப் பாருங்கள். மேற்கோள் குறிகள் அடியோடு நீக்கப்பட்டிருந்தாலும், "வாப்பா", "காக்கா" என்று விளிக்கும் குரல் கீழக்கரை வீட்டுக்குரியது என்பதையும், அடுத்த வரியில் "அய்யா", "ஆத்தா" என்று விளிப்பது வேறு வீடு என்பதையும் இந்தக் கரையில் பிறந்த யாரும் சொல்லிவிடுவார்கள். முன்னிலையில் எழுதப்பட்ட கதைகளில், அதாவது "நீ கதவைத் திறக்கிறாய்" என்று வாசகரையே பாத்திரமாக்கும் கதைகளில், வாசகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். இளைஞர்கள் அந்த "நீ"யை உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். வயதில் மூத்தவர்கள் சிலருக்கு, அறிமுகமில்லாத ஒருவர் தங்களை ஒருமையில் விளிப்பது உறுத்துகிறது. அந்த உறுத்தலைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தமிழில் "நீ"க்கும் "நீங்கள்"க்கும் இடையிலுள்ள தூரத்தை எழுதியவர் கவனித்திருக்கிறாரா என்பதே அந்தக் கதையின் தரத்தைக் காட்டும் சோதனையாகிவிடுகிறது.

அறிகுறி: எழுதியவர் கதைக்குள் வந்து, "இதெல்லாம் கற்பனை" என்று சொல்லிவிடுகிறார்

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ஊறியவர்களைப் போல வேறு யாரையும் இந்த உத்தி வருத்துவதில்லை. பாத்திரத்தோடு அழுதுகொண்டிருக்கையில் ஒருவர் வந்து, இவள் நான் உண்டாக்கியவள் என்று சொன்னால், அழுத கண்ணீர் வீணானதுபோல் இருக்கிறது என்கிறார்கள். ஜான் ஃபவுல்ஸ் 1969இல் எழுதிய நாவலின் 13ஆம் அத்தியாயம் அப்படித்தான் தொடங்குகிறது. அதுவரை பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலைப் போலவே நடந்துவந்த கதையை நிறுத்தி, இந்த மனிதர்கள் தன் மனத்துக்கு வெளியே இருந்ததில்லை என்று எழுதியவர் அறிவிக்கிறார்.

இங்கே திரும்ப எடுக்கப்பட்ட வாக்குறுதி, எழுதியவர் வெளியே நிற்பார் என்பது. ஆனால் அந்த வாக்குறுதி மீறப்படுவது நமக்கு எவ்வளவு பழையது என்று எண்ணிப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும்போது, பபூன் மேடைக்கு வந்து கூட்டத்தோடு பேசுகிறார், உள்ளூர்ச் செய்தியை இழுக்கிறார், பக்கவாத்தியக்காரரைக் கேலி செய்கிறார். கொஞ்ச நேரத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்குகிறது. கூட்டம் மறுபடியும் தினைப்புனத்துக்குள் போய்விடுகிறது. பபூன் பேசியதால் வள்ளி பொய்யாகிவிட்டாள் என்று யாரும் எழுந்து போவதில்லை. இன்னும் பின்னால் போனால், சிலப்பதிகாரத்தின் கடைசியில் வரந்தரு காதையில், "யானும் சென்றேன்" என்று இளங்கோ தன் காப்பியத்துக்குள் தானே நடந்து வருகிறார். கண்ணகியின் தோழி தேவந்திமேல் வந்த பத்தினித் தெய்வம் அவருடைய சொந்த வாழ்வை அவரிடமே எடுத்துச் சொல்கிறது.

நான் இதைச் சொல்வது, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று பெருமை பேசுவதற்காக இல்லை. இளங்கோ உள்ளே வருவது கண்ணகியை மேலும் உண்மையாக்குகிறது. ஃபவுல்ஸ் உள்ளே வருவது தன் பாத்திரங்களின் மெய்ம்மையைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. நோக்கம் வேறு. ஆயினும், கதை நின்று மறுபடி தொடங்குவதைத் தாங்கும் பயிற்சி நம் வாசகருக்கு உண்டு. அதனால் செய்ய வேண்டியது இதுதான்: எழுதியவர் குறுக்கிடும் பத்தியை விட்டுவிட்டு அடுத்த பத்தியைப் படியுங்கள். பாத்திரத்தின்மேல் முன்பிருந்த பரிவு அப்படியே இருக்கிறதா, குறைந்ததா, வேறு நிறம் கொண்டதா? மூன்றில் எது நடந்ததோ அதுவே அந்தக் குறுக்கீட்டின் வேலை. ஒன்றுமே மாறவில்லை என்றால், எழுதியவர் நாகரிகத்துக்காக உள்ளே வந்து போயிருக்கிறார் என்று கொள்ளலாம்.

அறிகுறி: வரிசை இல்லை, அடிக்குறிப்பு கதையைவிட நீளம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஹூலியோ கொர்த்தாஸார் 1963இல் வெளியிட்ட நாவலில் 155 அத்தியாயங்கள் உண்டு. முதல் 56ஐ வரிசையாகப் படித்து நிறுத்திவிடலாம், அல்லது நூலின் தொடக்கத்திலுள்ள அட்டவணைப்படி தாவித் தாவிப் படிக்கலாம். இரண்டும் அவரே அனுமதித்த வழிகள். மிலோராத் பாவிச் 1984இல் நாவலை அகராதியாகவே எழுதினார். இவற்றை அட்டை முதல் அட்டைவரை படித்தே தீர வேண்டும் என்ற கடமையுணர்வுதான் தடை.

அடிக்குறிப்பு வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நபக்கோவ் 1962இல் எழுதியது. அதில் 999 வரியில் ஒரு கவிதையும், அதற்கு அண்டை வீட்டுக்காரர் எழுதும் மிக நீண்ட உரையும் இருக்கின்றன. உரைக்காரர் கவிதையை விட்டுவிட்டுத் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். தமிழ் படித்தவர்கள் இதில் திகைப்பதில்லை. இறையனார் களவியல் 60 நூற்பாக்களே. முச்சங்க வரலாறு விரிவாக நமக்குக் கிடைத்ததோ அதன் உரையில். உரை மூலத்தைவிடப் பெரிதாகும் என்பதும், உரையாசிரியருக்கென்று விருப்பு வெறுப்பு உண்டு என்பதும் நமக்குத் தெரிந்தவை. அந்தப் பழக்கத்தோடே படியுங்கள்.

அறிகுறி: இரண்டு முடிவுகள் இருக்கின்றன, எது உண்மை?

மேலே சொன்ன ஃபவுல்ஸ் நாவலில், எழுதியவர் ரயில் பெட்டியில் நாயகனுக்கு எதிரே வந்து அமர்ந்து, எந்த முடிவைக் கடைசியில் வைப்பது என்று காசைச் சுண்டிப் பார்க்கிறார். கடைசியில் அச்சானதுதான் உண்மை முடிவு என்ற பழக்கத்தை அவர் தொடுகிறார். ராமேஸ்வரம் கோயிலுக்குள் போய்வந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அனுமன் லிங்கம் கொண்டுவரத் தாமதமானதால் சீதை மணலில் பிடித்த லிங்கம் ஒன்று. தாமதமாக வந்து சேர்ந்த விசுவலிங்கம் மற்றொன்று. இரண்டில் எதையும் அகற்றவில்லை; பிந்தி வந்ததற்கே முதல் பூசை. கதையின் இரண்டு முடிவுகளையும் இப்படி அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றை என்ன செய்கிறது என்று பார்ப்பதே வழி. மகிழ்ச்சியான முடிவை முதலில் படித்தபின் பிரிவின் முடிவு கூடுதலாக வலிக்கிறது என்றால், அந்த வலிக்காகத்தான் இரண்டும் வேண்டியிருந்தன.

அறிகுறி: வரலாறு தவறாக எழுதப்பட்டிருக்கிறது, கோபம் வருகிறது

வாசகர்களிடையே ஆழமான பிளவு உண்டாவது இங்கேதான். தெரிந்த வரலாற்றை எடுத்து, அதை வேண்டுமென்றே திருத்தி, திருத்துகிறோம் என்பதையும் காட்டிக்கொண்டே எழுதும் நாவல்களுக்கு லிண்டா ஹட்சியன் என்ற திறனாய்வாளர் 1988இல் வெளியான தம் நூலில் விரிவான இலக்கணம் தந்தார். வரலாறும் எழுதப்பட்ட ஒன்றே, அதையும் யாரோ ஓரிடத்திலிருந்துதான் சொல்கிறார்கள் என்பதை வாசகர் உணர வேண்டும் என்பது அத்தகைய எழுத்தின் அடிப்படை. வகுப்பறையில் இதை எளிதாக ஒப்புக்கொண்டுவிடலாம். பாம்பனில் அது அவ்வளவு எளிதாக இல்லை.

ஒரு கூடுகையில் கல்லூரி மாணவர் ஒருவர் தம் கையெழுத்துப் பிரதியிலிருந்து கதை வாசித்தார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து புறப்பட்டுப் புயலில் கடலோடு போன பயணி ரயில், அவர் கதையில் தனுஷ்கோடி நிலையத்துக்கு வந்து சேர்கிறது. பயணிகள் இறங்கி, நனைந்த மூட்டைகளை நடைமேடையில் வைத்துவிட்டுத் தேநீர் கேட்கிறார்கள். வாசித்து முடித்ததும், அந்த ரயிலில் உறவினரைப் பறிகொடுத்த முதியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, அது வந்து சேர்ந்துச்சுன்னு எழுதிட்டா, நாங்க இத்தன வருசமா யாருக்குத் திதி கொடுக்குறோம்?" யாரும் பேசவில்லை. பிறகு, பாசி எடுக்கப் போகும் பெண்மணி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "கதையிலயாவது ஒரு தடவை வந்து சேரட்டுமே, அண்ணே."

இருவர் சொன்னதும் சரியான வாசிப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கதையைப் பற்றி முடிவுக்கு வர, இருவரில் யார் பக்கம் சேர்வது என்று பார்த்தால் போதாது. பிரதிக்குள் போக வேண்டும். அந்தக் கதையில் இறங்கும் பயணிகளின் எண்ணிக்கை ஒவ்வோரிடத்திலும் மாறிக்கொண்டே இருந்தது. முதல் வாசிப்பில் அது கவனக்குறைவு என்று தோன்றியது. உண்மையிலும் அந்த ரயிலோடு போனவர்களின் எண்ணிக்கை கணக்குக்குக் கணக்கு மாறுகிறது. பயணச்சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. மாணவர் அந்த மாற்றத்தைத் தம் கதைக்குள் அப்படியே வைத்திருந்தார். நிலைய அதிகாரி எண்ணுகிறார், தவறுகிறது, மறுபடி எண்ணுகிறார். ஆக, மாற்றி எழுதப்பட்ட வரலாறு தான் மாற்றிய இழப்பை மறக்கவில்லை.

சோதனை இதுதான்: வரலாற்றைத் திருத்தும் கதை, திருத்துவதற்கு முன்னிருந்த உண்மையின் தடத்தைத் தன்னுள் வைத்திருக்கிறதா? வைத்திருந்தால் அது பொறுப்போடு செய்யப்பட்ட காரியம். துடைத்துவிட்டிருந்தால், வாசகரின் கோபம் முழுக்க நியாயமானது. எந்தக் கோட்பாட்டின் பெயராலும் அதை அடக்கச் சொல்லக் கூடாது. முதியவரிடம் எண்ணிக்கை மாறும் இடங்களைக் காட்டியபோது அவர் கேட்டுக்கொண்டார், ஒப்பவில்லை. ஒப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை.

அறிகுறி: விவரம் தப்பாக இருக்கிறது, உத்தியா கவனக்குறைவா தெரியவில்லை

இந்தக் கரையின் வாசகர்கள் கதைக்காரர்களைச் சட்டென்று பிடிக்கும் இடம் இது. ஒரு கதையில் மார்கழி இரவில் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. தங்கச்சிமடத்து விசைப்படகுக்காரர் ஒருவர் அந்த வரியிலேயே நின்றுவிட்டார். மார்கழியில் இங்கே வாடை. கச்சான் மேற்கிலிருந்து வரும் கோடைக்காலக் காற்று. அவருக்கு அதன்பின் கதை ஓடவில்லை. மற்றவர்கள் அதைச் சிறிய பிழை என்று கடந்து போனார்கள். உண்மையில் அவர் நின்ற இடமே சரியான இடம்.

இப்படிப்பட்ட விவரம் கண்ணில் பட்டால், அதைக் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள். மார்கழிக் கச்சானால் கதைக்குள் ஏதேனும் நடக்கிறதா? படகு போகக் கூடாத திசைக்குப் போகிறதா, யாராவது அதைக் கண்டு வியக்கிறார்களா, பருவங்கள் வேறெங்கும் இடம் மாறியிருக்கின்றனவா? நடந்தால், அது வேறோர் உலகத்தின் அடையாளம், மெக்ஹேலின் "இது எந்த உலகம்?" என்ற கேள்விக்கு எழுதியவர் வைத்த குறி. ஒன்றும் நடக்காமல் காற்று வீசி ஓய்ந்துவிட்டால், எழுதியவர் கடற்கரைக்கு வந்து கேட்டு எழுதவில்லை என்று பொருள். அந்தக் கதையில் ஒன்றும் நடக்கவில்லை. பின்நவீனத்துவம் என்ற பெயரைக் கவனக்குறைவுக்குக் குடையாகப் பிடிப்பவர்களை இந்த ஒரு சோதனையாலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

அறிகுறி: ஒரே கதைக்கு நாலு பேர் நாலு பொருள் சொல்கிறார்கள்

கூடிப் படிப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கதையின் கருத்து என்ன என்று கேட்கிறார். கோட்பாட்டு நூல்கள் படித்த மாணவி பிரதி, கட்டுடைப்பு என்ற சொற்களோடு வருகிறார். படகுக்காரர் நடக்கக்கூடியதா என்று பார்க்கிறார். கதையில் வரும் பெண்ணுக்கு ஏன் பெயரே இல்லை என்று ஒரு குடும்பத் தலைவி கேட்கிறார். ஆண் எழுத்தாளர்கள் செய்யும் விளையாட்டுகள் பலவும் அந்தக் கேள்வியின் முன் நிற்பதில்லை. பிரதியில் எழுதியவர் விட்டுவைத்த இடைவெளிகளை வாசகரே நிரப்புகிறார் என்றார் வொல்ஃப்காங் இஸர் என்ற திறனாய்வாளர். ஒவ்வொருவரும் தாம் சேர்ந்த வாசகச் சமூகத்தின் பழக்கப்படியே நிரப்புகிறார் என்றார் இன்னொரு திறனாய்வாளரான ஸ்டான்லி ஃபிஷ், 1980இல்.

எல்லாப் பொருளும் சரி என்று சொல்லிக் கலைந்துவிடுவது சோம்பேறித்தனம். ஒவ்வொருவரையும் தம் பொருள் எந்த வரியிலிருந்து எழுந்தது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வரியைக் காட்ட முடியாத பொருளை ஒதுக்கி வையுங்கள். காட்டப்பட்ட வரிகள் வேறு வேறாக இருந்தால் முரண்பாடே இல்லை, நால்வரும் கதையின் வேறு வேறு பகுதிகளைப் படித்திருக்கிறார்கள். ஒரே வரியிலிருந்து எதிரெதிரான பொருள் எழுந்தால் அந்த வரியை உரக்க இருமுறை வாசியுங்கள். கதையின் முடிச்சு பெரும்பாலும் அங்கே இருக்கிறது.

அறிகுறி: எல்லாம் விளங்கியும் மனத்தில் ஒன்றும் ஒட்டவில்லை

உத்தி தெரிகிறது, விதி தெரிகிறது, ஆனால் நூலை வைத்துவிட்டால் ஒரு முகம்கூட நினைவில் நிற்கவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு வாரம் கழித்து, நூலைத் திறக்காமல், அதிலிருந்து நினைவில் வரும் ஓர் இடத்தை யாருக்காவது சொல்லிப் பாருங்கள். உத்தியை மட்டும் சொல்ல முடிகிறது, இடம் ஒன்றும் வரவில்லை என்றால், எடுத்துக்கொண்ட வாக்குறுதிக்கு ஈடாக நூல் தந்தது அதன் கெட்டிக்காரத்தனம் மட்டுமே. அந்த நூலை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் சிறுகதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சில பக்கங்கள்தான், ஒரே அமர்வில் முடியும், பிடிபடாவிட்டால் அன்றைக்கே இரண்டாம் முறையும் படித்துவிடலாம்.